காற்றடிக்கும்போது பலூன் தரையிறங்குவது ஏன் ஆபத்தாகிறது?

2022 அக்டோபர் 18 அன்று துருக்கியின் கப்படோக்கியாவில் ஒரு வெப்பக்காற்று பலூன், தரையிறங்கும் நேரத்தில் பலத்த காற்றில் சிக்கி நிலத்தில் மோதியதில், ஸ்பெயினிலிருந்து வந்திருந்த 2 சுற்றுலாப் பயணிகள் உயிரிழந்தனர். 2020 ஆகஸ்ட் 3 அன்று அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலுள்ள ஜாக்சன் ஹோல் பகுதியில், ஒரே காலை வேளையில் 3 பலூன்கள் பலத்த காற்றில் தரையில் மோதிப் பலர் காயமடைந்தனர். 2018 ஜனவரியில் எகிப்தின் லக்சர் நகருக்கருகே நடந்த இதே போன்ற விபத்தில் தென்னாப்பிரிக்கப் பயணி ஒருவர் உயிரிழந்தார்.

இத்தகைய செய்திகளைப் படிப்பவர்களுக்கு இரண்டு கேள்விகள் எழுவது இயல்பு. காற்றோடு காற்றாக மிதந்து செல்லும் ஒரு பொருளைக் காற்று எப்படித் தரையில் மோதச் செய்ய முடியும்? காற்று பலமாக இருக்கிறது என்று தெரிந்தால், அது தணியும்வரை வானிலேயே காத்திருக்கக் கூடாதா? இரண்டுக்கும் விடை காண, பலூன் எவ்வாறு பறக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## பலூனுக்குத் தன் வேகம் என்று ஒன்று இல்லை

வெப்பக்காற்று பலூனில் மூன்று முக்கியப் பகுதிகள் உள்ளன: சூடான காற்றை அடைத்து வைக்கும் துணி உறை, புரொப்பேன் வாயுவை எரித்து அந்தக் காற்றைச் சூடாக்கும் பர்னர், பயணிகளையும் எரிவாயு உருளைகளையும் தாங்கும் பிரம்புக் கூடை. பர்னரை எரியவிட்டால் பலூன் மேலே போகும். உள்ளிருக்கும் காற்று ஆறினாலோ, உறையின் உச்சியிலுள்ள வால்வைத் திறந்து சூடான காற்றை வெளியேற்றினாலோ கீழே வரும். விமானியின் கையில் நேரடியாக இருக்கும் கட்டுப்பாடு இந்த ஏற்ற இறக்கம் மட்டுமே. வெவ்வேறு உயரங்களில் காற்று வெவ்வேறு திசைகளில் வீசுவதைப் பயன்படுத்தி ஓரளவு திசை மாற்றலாம் என்றாலும், எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்துக் காற்றின் வேகம்தான் பலூனின் வேகம்.

இதனால்தான் பறக்கும்போது கூடையில் இருப்பவர்களுக்குக் காற்று வீசுவதே தெரிவதில்லை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினாலும், பலூனும் அதே வேகத்தில் அதனோடு நகர்வதால் கூடைக்குள் அசைவற்ற அமைதியே நிலவும். அந்த அமைதி பயணிகளை ஏமாற்றிவிடுகிறது. காற்றுக்கும் பலூனுக்கும் இடையே வேக வேறுபாடு இல்லை. ஆனால் நிலத்துக்கும் பலூனுக்கும் இடையே மணிக்கு 40 கிலோமீட்டர் வேறுபாடு இருக்கிறது. நிலத்தைத் தொடும் கணம்வரை அது யாரையும் பாதிப்பதில்லை, தொட்ட கணத்தில் அது முழுவதும் வெளிப்படுகிறது.

விமானத்தோடு ஒப்பிட்டால் இந்த நிலைமையின் கடுமை விளங்கும். விமானம் எதிர்க்காற்றில் தரையிறங்குகிறது. எதிர்க்காற்று எவ்வளவு பலமோ அந்த அளவுக்கு நிலத்தைப் பொறுத்த அதன் வேகம் குறைகிறது. அதற்குச் சக்கரங்களும் பிரேக்கும் நீண்ட ஓடுபாதையும் உண்டு. பலூனுக்கு எதிர்க்காற்று என்பதே கிடையாது. காற்று எப்போதும் அதன் பின்னாலிருந்துதான் தள்ளுகிறது, சக்கரமோ பிரேக்கோ இல்லாத ஒரு கூடை நிலத்தோடு உராய்ந்துதான் அதை நிறுத்தியாக வேண்டும்.

## நிறுத்த வேண்டியது எத்தனை டன்?

பலூன் மிதப்பதால் அதற்கு எடையே இல்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மிதப்பு என்பது எடை இல்லாமை ஆகாது. பலூன் தன் கன அளவுக்குச் சமமான குளிர்ந்த காற்றை இடம்பெயர்க்கிறது. சமநிலையில் மிதக்கும்போது உள்ளிருக்கும் சூடான காற்று, உறை, கூடை, எரிவாயு, மனிதர்கள் ஆகிய அனைத்தின் மொத்த நிறையும் அந்தக் குளிர்ந்த காற்றின் நிறைக்குச் சமமாக இருக்கும்.

கடல் மட்டத்தில், 15 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், 1 கன மீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.225 கிலோகிராம். உறைக்குள் சராசரி வெப்பநிலை 100 டிகிரி என்று கொண்டால், உள்ளிருக்கும் 1 கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 0.95 கிலோகிராம். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் தூக்கும் ஆற்றல். சில பயணிகளை ஏற்றிச் செல்லும் 3,000 கன மீட்டர் பலூனுக்கு இந்தக் கணக்கைப் போட்டால், அது தூக்கக்கூடிய சுமை சுமார் 840 கிலோகிராம். ஆனால் நகர்ந்துகொண்டிருக்கும் மொத்த நிறை ஏறத்தாழ 3.7 டன். அதில் முக்கால் பங்குக்கு மேல் சூடான காற்றின் நிறையே. இருபதுக்கும் மேற்பட்டோரை ஏற்றும் பெரிய வணிகப் பலூன்களின் கன அளவு 10,000 கன மீட்டரையும் தாண்டும். அங்கே நகரும் நிறை 12 டன்னைத் தொடும்.

பலூன் துறையில் காற்றின் வேகத்தை நாட் என்ற அலகில் சொல்வார்கள். 1 நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். மேற்சொன்ன 3.7 டன் நிறை 10 நாட் வேகத்தில் நகரும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 49 கிலோஜூல். 20 நாட் வேகத்தில் அது சுமார் 194 கிலோஜூல். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகிறது என்ற இந்த எளிய இயற்பியல் விதியே காற்றில் தரையிறங்கும் ஆபத்தின் அடிப்படை. 8 நாட் காற்றில் பயணிகள் சிரித்துக்கொண்டே இறங்கும் அதே வயலில், 16 நாட் காற்றில் எலும்பு முறியலாம். "கொஞ்சம் கூடுதல் காற்று" என்று எதுவும் கிடையாது, கூடுதலாகும் ஒவ்வொரு நாட்டும் அதற்கு முந்தையதைவிட அதிக ஆற்றலைச் சேர்க்கிறது.

மனித உடலின் நிலையிலிருந்தும் இதைப் பார்க்கலாம். 10 நாட் என்பது 1.3 மீட்டர் உயரத்திலிருந்து குதிப்பவர் நிலத்தைத் தொடும் வேகம். 20 நாட் என்பது 5.4 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவரின் வேகம். கூடை ஒரே கணத்தில் நின்றுவிடாமல் சறுக்கிக்கொண்டே நிற்பதால்தான் பெரும்பாலான தரையிறக்கங்களில் இந்த வேகம் உடலைத் தாக்குவதில்லை. பாறை, வாய்க்கால் வரப்பு, வேலிக்கல் போன்ற ஏதேனும் ஒன்று அந்தச் சறுக்கலைத் திடீரென்று தடுத்துவிட்டால் நிலைமை மாறிவிடும்.

## நிலத்தைத் தொட்ட பிறகு நடப்பது

கூடை நிலத்தைத் தொட்டு வேகம் குறையத் தொடங்கிய அந்த நொடியில், பறக்கும்போது இல்லாத ஒன்று உருவாகிறது: காற்றுக்கும் உறைக்கும் இடையே வேக வேறுபாடு. அதுவரை காற்றோடு சேர்ந்து நகர்ந்த உறையை இப்போது காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது. உறையின் ஒரு பக்கம் உள்நோக்கிக் குழிந்து, பாய்மரக் கப்பலின் பாயைப் போலக் காற்றை அள்ளிப் பிடிக்கிறது.

இந்த விசையின் அளவைக் கணக்கிட முடியும். 3,000 கன மீட்டர் பலூனின் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 250 சதுர மீட்டர். 20 நாட் காற்று, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று, நின்றுபோன உறையின்மீது செலுத்தும் விசை, உறையின் வடிவத்தைப் பொறுத்து, முக்கால் டன் முதல் ஒன்றரை டன் எடைக்குச் சமமாக இருக்கும். எதிர்ப்பக்கத்தில் இருப்பது என்ன? கூடையும் பயணிகளும் சேர்ந்து ஒரு டன்னுக்கும் குறைவு. உறைக்குள் இன்னும் சூடான காற்று இருக்கும்வரை அந்த எடையும் முழுமையாக நிலத்தில் பதிவதில்லை. எனவே உராய்வு தோற்கிறது. கூடை பக்கவாட்டில் சாய்ந்து, காற்று போகும் திசையில் இழுபடுகிறது.

கூடை சாய்வதும் சற்றுத் தூரம் இழுபடுவதும் விபத்துக்கு உரிய அறிகுறிகள் என்று கருதிவிடக் கூடாது. 10 நாட்டுக்கு மேற்பட்ட காற்றில் அவை எதிர்பார்க்கப்படுபவை, பயணிகளுக்கு அதற்கேற்பவே முன்கூட்டிப் பயிற்சி தரப்படுகிறது. எவ்வளவு தூரம் இழுபடும், அந்த வழியில் என்ன இருக்கிறது என்பவைதான் விபத்தைத் தீர்மானிக்கின்றன.

இந்தப் பிரச்சினை பலூன் யுகத்தைப் போலவே பழமையானது. 1863 அக்டோபரில் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் நாதார், 'ழேயான்' என்ற தம் மாபெரும் வாயு பலூனில் பாரிஸிலிருந்து கிளம்பி, மறுநாள் ஜெர்மனியின் ஹானோவர் பகுதியில் பலத்த காற்றில் இறங்க முயன்றார். நங்கூரங்கள் நிலத்தில் பிடிக்கவில்லை. உறையிலிருந்த வாயு விரைவாக வெளியேறவில்லை. பலூன் கூடையை வயல்வெளியெங்கும் நெடுந்தொலைவுக்கு இழுத்துச் சென்றது. நாதாரும் அவருடைய மனைவியும் உட்படப் பலர் படுகாயமடைந்தனர். பலூனை வானில் செலுத்துவதைவிட, தரையில் அதன் உறையை உடனடியாகக் காலி செய்வதுதான் கடினமான வேலை என்பதை அந்தப் பயணம் காட்டியது. அமெரிக்க பலூன் விமானி ஜான் வைஸ் அதே நூற்றாண்டில், கயிற்றை இழுத்தால் உறையின் ஒரு பகுதி கிழிந்து திறந்துகொள்ளும் அமைப்பை உருவாக்கியிருந்தார்.

1960இல் எட் யோஸ்ட் புரொப்பேன் பர்னர் கொண்ட நவீன வெப்பக்காற்று பலூனைப் பறக்கவிட்ட பிறகும் இந்தத் தேவை மாறவில்லை. இன்றைய பலூன்களின் உச்சியில் பாராசூட் வடிவிலான வால்வு ஒன்று உள்ளது. கயிற்றை இழுத்தால் அது கீழிறங்கிச் சூடான காற்றை வெளியேவிடும், கயிற்றை விட்டால் மீண்டும் மூடிக்கொள்ளும். பெரிய பலூன்களில் இதற்கும் மேலாக, வால்வுத் துணியை நடுவில் குவித்து முழுத் திறப்பையும் வெளிப்படுத்தும் விரைவு வெளியேற்ற அமைப்பும் இருக்கிறது. இருந்தாலும் ஆயிரக்கணக்கான கன மீட்டர் காற்று நொடியில் வெளியேறிவிடாது. சராசரியாக நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் 15 நொடிகள் இழுபட்டாலே 75 மீட்டர் கடந்துவிடும். பெரிய உறைக்கு அதைவிட நேரம் பிடிக்கும். பயணிகளை அதிகம் ஏற்றும் பலூன் பாதுகாப்பானது என்ற எண்ணம் காற்றுள்ள நாளில் தலைகீழாகிவிடுவதற்கு இதுவே காரணம்.

## கிளம்பும்போது இல்லாத காற்று எங்கிருந்து வருகிறது?

விபத்துக்குப் பிறகு பயணிகள் பெரும்பாலும் ஒன்றைச் சொல்வார்கள்: "கிளம்பும்போது காற்றே இல்லை." அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கும். பலூன் பயணங்கள் சூரியன் உதிக்கும் வேளையிலும் மறைவதற்குச் சற்று முன்பும் நடத்தப்படுவதற்கே, அந்நேரங்களில் நிலத்தருகே காற்று அடங்கியிருக்கும் என்பதுதான் காரணம். அந்த அமைதி எவ்வாறு உண்டாகிறது என்று தெரிந்தால், அது எவ்வாறு கலைகிறது என்பதும் தெரியும்.

தெளிந்த இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்து குளிர்கிறது. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் குளிர்ந்து கனமாகி நிலத்தோடு படிந்துவிடுகிறது. வழக்கமாக உயரே போகப் போகக் குறைய வேண்டிய வெப்பநிலை, இந்தப் படலத்தில் உயரே போகப் போகக் கூடுகிறது. கனமான குளிர்காற்று கீழேயும் லேசான வெப்பக்காற்று மேலேயும் இருப்பதால் இரண்டும் கலப்பதில்லை. மேலே வீசும் காற்றுக்கு நிலத்தின் உராய்வுத் தடை இல்லாமல் போய்விடுவதால், அது இரவு முழுவதும் வேகம் பெறுகிறது. விடியலில் நிலத்தில் 2 அல்லது 3 நாட் காற்று மட்டுமே இருக்க, 300 மீட்டர் உயரத்தில் 20 நாட் காற்று வீசுவது அரிதான நிலை அன்று.

சூரியன் ஏறத் தொடங்கியதும் நிலம் சூடாகிறது. அதைத் தொட்டிருக்கும் காற்று சூடாகி மேலெழுகிறது; மேலிருக்கும் வேகமான காற்று அதன் இடத்துக்குக் கீழிறங்குகிறது. இரவெல்லாம் பிரிந்திருந்த இரண்டு படலங்களும் கலக்கும்போது, மேலிருந்த 20 நாட் காற்றின் ஒரு பகுதி வீச்சு வீச்சாக நிலத்துக்கு வந்து சேர்கிறது. சூரிய உதயத்துக்குப் பின் ஓரிரு மணி நேரத்தில் இது நிகழக்கூடும். பருவத்தையும் நிலத்தன்மையையும் பொறுத்து இந்த நேரம் முன்பின்னாகும். ஒரு மணி நேரப் பயணம் அரை மணி தாமதமாகக் கிளம்பினால், அதன் தரையிறக்கம் சரியாக இந்த நேரத்தில் போய் விழுகிறது. காலைப் பயணங்களில் கிளம்பும் நேரத்தை அரை மணி தள்ளிப்போடுவது சிறிய விஷயமாகத் தோன்றினாலும், அதைப் போல் ஆபத்தைக் கூட்டும் முடிவுகள் குறைவு என்பது என் கருத்து.

இதைத் தவிர மேலும் சில காரணங்கள் உள்ளன:

1. இடிமேகம். முதிர்ந்த இடிமேகத்திலிருந்து கொட்டும் குளிர்காற்று நிலத்தில் மோதி எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. அதன் முன்விளிம்பு, மழை பெய்யும் இடத்திலிருந்து பல பத்து கிலோமீட்டர் தொலைவுக்கு முன்னேறி வரக்கூடும். பலூன் இருக்கும் இடத்தில் வானம் தெளிவாகவே இருக்கலாம். ஸ்லோவேனியாவின் லுப்லியானா நகருக்கருகே 2012 ஆகஸ்ட் 23 அன்று 32 பேருடன் சென்ற பலூன் திடீர்ப் புயற்காற்றில் சிக்கி விழுந்து தீப்பிடித்ததில் 6 பேர் உயிரிழந்தனர்.

2. நில அமைப்பு. பள்ளத்தாக்குகளில் இரவில் சரிவுகளிலிருந்து கீழ்நோக்கியும் பகலில் மேல்நோக்கியும் காற்று வீசும். இந்த மாற்றம் நிகழும் வேளையில் திசையும் வேகமும் நிலையற்றிருக்கும். குன்றுகளின் இடைவெளிகளில் காற்று நெருக்கப்பட்டு வேகமெடுக்கும்.

3. படலங்களுக்கிடையே வேக வேறுபாடு. வேகமான மேல்படலத்திலிருந்து மெதுவான கீழ்படலத்துக்குள் பலூன் இறங்கும்போது, அதன் நிறையின் நிலைமத்தால் பழைய வேகம் உடனே குறைவதில்லை. உறையின் மேல்பகுதி ஒரு காற்றிலும் கீழ்பகுதி வேறொரு காற்றிலும் இருக்கும் அந்தச் சில நொடிகளில் உறை நசுங்கிச் சூடான காற்று வெளியேறலாம். அப்போது பலூன் விமானி எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கீழே இறங்கும்.

## வானிலேயே காத்திருக்க முடியாதா?

சில வேளைகளில் முடியும். மாலையில் பறக்கும்போது, சூரியன் சாயச் சாயக் காற்று தணியும் என்ற நம்பிக்கையில் விமானிகள் சற்றுக் காத்திருப்பதுண்டு. ஆனால் இருட்டுவதற்குள் இறங்கியாக வேண்டும், ஏனெனில் மின்கம்பிகள் இருட்டில் கண்ணுக்குத் தெரியா. காலைப் பயணத்திலோ காத்திருப்பது எதிர்விளைவையே தரும், நேரம் போகப் போகக் காற்று கூடும்.

எரிவாயு அடுத்த எல்லை. பெரும்பாலான பயணிகள் பலூன்கள் ஒரு மணி நேரப் பயணத்துக்கும் அதற்கு மேல் ஓரளவு சேமிப்புக்கும் தேவையான புரொப்பேனையே சுமக்கின்றன. கடைசி உருளையை நம்பி இறங்கும் விமானிக்கு, இடம் சரியில்லை என்றால் மீண்டும் மேலெழும் வாய்ப்பு இல்லாமல் போய்விடும். இடமும் எல்லையற்றதன்று: 20 நாட் காற்றில் பலூன் ஒவ்வொரு நிமிடமும் 600 மீட்டருக்கு மேல் கடக்கிறது. நகரமோ காடோ நீர்நிலையோ முன்னால் வருமானால், அதற்கு முன்னுள்ள கடைசி வயல்வெளியில் எவ்வளவு காற்றடித்தாலும் இறங்குவதே குறைந்த தீமையாகிவிடுகிறது.

## கடைசி இரண்டு நிமிடங்கள்

பலத்த காற்றில் இறங்கும் விமானி, தடைகளற்ற நீண்ட வெளியொன்றைத் தேர்ந்து, தாழ்வாக வந்து, பின்வரும் வேலைகளை ஏறத்தாழ இதே வரிசையில் செய்கிறார்:

1. பயணிகளைத் தரையிறங்கும் நிலையில் அமரவோ நிற்கவோ செய்கிறார்.

2. நீள்சதுரக் கூடையாக இருந்தால், உறையின் பக்கத்திலுள்ள சுழற்றும் திறப்புகளைப் பயன்படுத்தி, கூடையின் நீளமான பக்கம் முன்னோக்கி வருமாறு பலூனைத் திருப்புகிறார். குறுகிய பக்கம் முன்னால் இருந்தால் பயணிகள் ஒருவர்மேல் ஒருவர் விழ நேரிடும்.

3. கடைசித் தடையைத் தாண்டியதும் வால்வைத் திறந்து இறக்கத்தை உறுதிப்படுத்துகிறார்.

4. எரிவாயு வால்வுகளை மூடி, குழாய்களில் எஞ்சிய வாயுவை எரித்துத் தீர்த்து, பர்னரைப் பற்றவைக்கும் சிறு சுடரை அணைக்கிறார்.

5. நிலத்தைத் தொடுவதற்குச் சற்று முன்போ தொட்ட கணத்திலோ விரைவு வெளியேற்றக் கயிற்றை முழுவதும் இழுத்து, உறை காலியாகும்வரை பிடித்துக்கொள்கிறார்.

எழுத்தில் ஒழுங்காகத் தோன்றும் இந்த வரிசையில் கடுமையான ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. அது மூன்றாவது, நான்காவது படிகளுக்கு நடுவே வருகிறது. சுடர் எரிந்துகொண்டிருந்தால், கூடை சாயும்போது உருளையிலோ குழாயிலோ கசிவு ஏற்பட்டுத் தீப்பற்றலாம். சுடரை அணைத்துவிட்டால், வயலின் மறுகோடியில் திடீரென்று தென்படும் மின்கம்பியைத் தாண்டி மேலெழ வழியில்லை. பர்னரை எரியவிட்டாலும் பலூன் உடனே எழுவதில்லை; பல டன் நிறையின் கீழ்நோக்கிய நகர்வை நிறுத்தித் திருப்புவதற்குப் பல நொடிகள் பிடிக்கும். 20 நாட் வேகத்தில் 8 நொடி என்பது 80 மீட்டருக்கு மேற்பட்ட தூரம். எனவே, எழுவதா இறங்குவதா என்ற முடிவை எடுக்க வேண்டிய இடம், கம்பி தெளிவாகத் தெரியத் தொடங்கும் இடத்துக்கு முன்பே கடந்துபோய்விடலாம். மின்கம்பியில் மோதுவது தவிர்க்க முடியாது என்ற நிலையில், கம்பி உறையைத் தொடட்டும், கூடையையும் உருளைகளையும் தொடக் கூடாது என்ற நோக்கில் வேகமாக இறங்கிவிடுமாறு விமானிகளுக்குக் கற்பிக்கப்படுகிறது. நியூசிலாந்தின் கார்ட்டர்டன் நகரில் 2012 ஜனவரி 7 அன்று 11 பேரும், அமெரிக்காவின் அல்புகர்க்கியில் 2021 ஜூன் 26 அன்று 5 பேரும் மின்கம்பியில் மோதிய பலூன் விபத்துகளில்தான் உயிரிழந்தனர்.

இந்தக் கட்டத்தில் விமானியே கூடையிலிருந்து தூக்கியெறியப்படும் அபாயமும் உண்டு. ஒரு மனிதரின் எடை குறைந்த பலூன், உறையில் இன்னும் வெப்பம் இருந்தால், கட்டுப்படுத்த ஆளில்லாமல் பயணிகளோடு மீண்டும் மேலெழக்கூடும். பெரிய கூடைகளில் விமானிக்குத் தனி அறையும், தரையிறங்கும்போது அணியும் வார்ப்பட்டையும் வைக்கப்பட்டிருப்பது இதைத் தடுக்கவே.

## காயங்கள் எவ்வாறு ஏற்படுகின்றன?

அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரை நடந்த சுற்றுலாப் பலூன் விபத்துகளை ஆராய்ந்த ஆய்வொன்று 78 விபத்துகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. அவற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தரையிறங்கும்போது நடந்தவை. தன்மை குறிக்கப்பட்ட கடுமையான காயங்களில் பாதிக்கு மேற்பட்டவை கால் எலும்பு முறிவுகள். உயிரிழந்த 5 பேரும், பலூன் நிலையான பொருள் ஒன்றில் மோதிய விபத்துகளில் இறந்தவர்கள்.

கால்கள் முறிவதற்குக் காரணம், பயணிகள் விறைத்த முழங்காலோடு நிற்பதுதான். கூடையின் அடிப்பலகை நிலத்தில் மோதும் விசை, மடங்காத காலின் வழியாக நேரே கணுக்காலுக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் முதுகெலும்புக்கும் போகிறது. தரையிறங்கும் நிலை என்று கற்பிக்கப்படுவது இதை முறியடிப்பதற்கே: பயணத் திசைக்கு முதுகைக் காட்டி, முதுகும் தலையும் கூடையின் சுவரில் பதிய, முழங்கால்களைச் சற்று மடக்கி, இரு கைகளாலும் உட்புறக் கயிற்றுப் பிடிகளைப் பற்றிக்கொள்ள வேண்டும். கைகளோ முழங்கைகளோ கூடையின் விளிம்புக்கு வெளியே இருக்கக் கூடாது. படமெடுக்கும் கருவியைக் கையில் வைத்திருக்கவும் கூடாது. பெரிய கூடைகள் பல அறைகளாகத் தடுக்கப்பட்டிருப்பதும், கூடைகள் இன்றும் பிரம்பாலேயே பின்னப்படுவதும் வெறும் மரபு சார்ந்தவை அல்ல. தடுப்புகள் மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் குவிவதைத் தவிர்க்கின்றன. பிரம்பு வளைந்து கொடுத்து மோதலின் ஆற்றலில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது.

முதல் மோதலோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணிக் கூடையிலிருந்து இறங்க முயல்வது மிகப் பெரிய தவறு. பலத்த காற்றில் கூடை ஒருமுறை மோதி, எழும்பி, மீண்டும் மோதுவது வழக்கம். இடையில் ஒருவர் வெளியேறினால் 70, 80 கிலோகிராம் எடை திடீரென்று குறைகிறது, பலூன் மற்றவர்களோடு எழும்பிவிடும். வெளியேறியவரோ இழுபடும் கூடையின் அடியில் சிக்கக்கூடும்.

## "திடீர்க் காற்று" என்ற விளக்கம் போதுமா?

பலூன் விபத்துச் செய்திகளில் 'திடீரென்று வீசிய காற்றே காரணம்' என்ற வரி தவறாமல் இடம்பெறுகிறது. சில விபத்துகளுக்கு அது பொருந்தும். ஆனால் மேலே பார்த்த காரணங்களில் பலவும் முன்கூட்டி அறியத்தக்கவை: மேல்படலத்துக் காற்றின் வேகத்தை வானிலை முன்னறிவிப்பு சொல்கிறது, கிளம்புமுன் சிறு ஹீலியம் பலூன் ஒன்றைப் பறக்கவிட்டு அது எந்த உயரத்தில் எத்திசையில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பது விமானிகளின் அன்றாடப் பழக்கம், இடிமேகங்களை ரேடார் காட்டுகிறது. நிலத்தருகே 10 நாட் காற்றையே வரம்பாகக் கொள்ளும் நிறுவனங்கள் பல. பலூன் தயாரிப்பாளரின் கையேடு அதைவிடச் சற்றுக் கூடுதல் வரம்பை அனுமதிக்கலாம். அந்த வரம்பு கிளம்பும் நேரத்துக் காற்றுக்கு மட்டும் பொருந்துவதாகக் கருதப்பட்டு, இறங்கும் நேரத்துக் காற்று கணிக்கப்படாமல் விடப்படும்போதுதான் இடைவெளி உருவாகிறது.

கிளம்பிய பிறகு விமானியால் காற்றைத் தவிர்க்க முடியாது. ஆகவே தரையிறக்கத்தின் பாதுகாப்பு உண்மையில் தீர்மானிக்கப்படுவது கிளம்புமுன். அந்த முடிவை எடுப்பவர், கட்டணம் செலுத்தி விடியலுக்கு முன்பே வந்து காத்திருக்கும் பயணிகளின் முன்னால் நின்று எடுக்க வேண்டியிருக்கிறது. பயணத்தை ரத்து செய்தால் வருவாய் போகும், பக்கத்து நிறுவனம் பறந்துவிட்டால் பயணிகளின் கோபமும் சேரும். கப்படோக்கியாவில் இந்த அழுத்தத்தைக் குறைக்க, பறக்கலாமா கூடாதா என்பதை ஒவ்வொரு நிறுவனத்திடமும் விடாமல், வானிலைத் தகவலைக் கொண்டு துருக்கியின் வான்போக்குவரத்து நிர்வாகமே பச்சை, மஞ்சள், சிவப்புக் கொடிகளால் அறிவிக்கும் முறை உள்ளது. சிவப்பு என்றால் எந்தப் பலூனும் கிளம்பாது. அந்த முறை இருந்தும் அங்கே விபத்துகள் நடந்திருப்பதால், அது முழுமையான காப்பு என்று சொல்ல முடியாது. தனி விமானியின் தோளிலிருந்து ஒரு பெருஞ்சுமையை அது இறக்கி வைக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. பலூன்கள் கூட்டமாகப் பறக்கும் இடங்களில் இது போன்ற பொது முடிவு அவசியம் என்றே கருதுகிறேன்.

அடுத்த முறை இத்தகைய செய்தி வரும்போது, காற்றின் வேகத்தைவிடப் பின்வரும் விவரங்களே விபத்தைப் பற்றி அதிகம் சொல்லும்:

1. பலூன் எத்தனை மணிக்குக் கிளம்பியது, சூரிய உதயத்திலிருந்து எவ்வளவு நேரம் கழித்து இறங்கியது?

2. கிளம்பும் நேரத்தில் 300 மீட்டர் உயரத்துக் காற்றின் வேகம் என்னவாக முன்னறிவிக்கப்பட்டிருந்தது? அருகில் இடிமேகம் இருந்ததா?

3. அதே காலையில் பறக்காமல் ரத்து செய்த நிறுவனங்கள் இருந்தனவா?

4. இறங்கும்போது எவ்வளவு எரிவாயு மிச்சமிருந்தது? அந்த இடம் தேர்ந்தெடுக்கப்பட்டதா, வேறு வழியில்லாமல் அமைந்ததா?

5. பயணிகளுக்குத் தரையிறங்கும் நிலை நிலத்தில் வைத்துச் செய்து காட்டப்பட்டதா, அல்லது இறங்குவதற்குச் சில நொடிகளுக்கு முன் வாய்மொழியாகச் சொல்லப்பட்டதா?